பல்கலைக்கழக வாசலில் எந்த அளவுகோல்? எஸ்பியர்க்கை முன்வைத்து ஓர் ஆய்வு

கேட்போர் பலராகவும் இடங்கள் சிலவாகவும் இருக்கும் படிப்பில் யாரைச் சேர்ப்பது என்பது, ஒரு தலைமுறை தீர்த்துவிட்டதாக எண்ணி மூடிவைக்க, அடுத்த தலைமுறை மீண்டும் எடுத்துப் பிரிக்கும் கேள்விகளுள் ஒன்று. பள்ளியில் பெற்ற மதிப்பெண், எல்லோருக்கும் பொதுவான ஒரே வினாத்தாள், வாழும் மாவட்டத்தை அல்லது பயின்ற மொழியை ஒட்டிய திருத்தம், நேர்காணல், குலுக்கல் என்று பல விடைகள் இதற்கு முன்வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாட்டில் சட்டமாகி, ஏதோ ஒரு நாட்டில் கைவிடப்பட்டும் இருக்கிறது. இந்த விடைகளை ஒப்பிடுவதற்கு, நுழைவுத் தேர்வு என்ற சொல்லே பெரும்பாலான மாணவர்களுக்கு அந்நியமாக இருக்கும் டென்மார்க்கும், அதன் மேற்குக் கரையிலுள்ள எஸ்பியர்க் நகரமும் பயனுள்ள ஒரு தளம். 1868ஆம் ஆண்டின் துறைமுகச் சட்டத்தால் ஏறத்தாழ வெறும் நிலத்தில் எழுந்து, மீன்பிடித்தலிலிருந்து வட கடல் எண்ணெய்க்கும், பின்னர் கடற்காற்றாலைகளுக்கும் மாறிவந்த இந்நகரத்திற்குத் தென் டென்மார்க் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் படிப்பு அண்மையில்தான் வந்து சேர்ந்தது. அது வந்த விதம், அளவுகோல் பற்றிய பழைய வாதத்தில் பெரும்பாலும் பேசப்படாத ஒரு பக்கத்தைக் காட்டுகிறது.

விவாதம் குழம்புவதற்கு முதற்காரணம், ஒரே வாக்கியத்திற்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருப்பது என்று தோன்றுகிறது. சேர்க்கப்படுபவர் படிப்பை நன்றாக முடிப்பாரா என்பது ஒன்று. அந்த இடம் நியாயமாக யாருக்கு உரியது என்பது மற்றொன்று. படித்து முடித்தவர் எந்த ஊர் மக்களுக்குப் பணியாற்றப்போகிறார் என்பது மூன்றாவது. முதல் கேள்விக்குச் சொல்லப்பட்ட விடையை இரண்டாவதன் மேல் ஏவுவதும், மூன்றாவதை மறந்தே போவதும் கட்சி வேறுபாடின்றி எல்லாத் தரப்பிலும் காணப்படுகின்றன.

பள்ளி மதிப்பெண்ணை நம்புதல்

டென்மார்க்கில் 1970களின் பிற்பகுதியில் உயர்கல்வி இடங்களுக்குப் பொதுவான உச்சவரம்பு வந்தபின், சேர்க்கை இரண்டு வழிகளாகப் பிரிந்தது. முதல் வழியான ‘முதல் ஒதுக்கீட்டில்’ மூன்றாண்டு மேல்நிலைப் பள்ளியான கிம்னேசியத்தின் இறுதிச் சராசரி மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். விண்ணப்பங்கள் ஜூலை 5ஆம் தேதி நண்பகலுடன் முடிய, மாத இறுதிக்குள் முடிவு வந்துவிடும். இரண்டாம் ஒதுக்கீட்டில் சராசரியுடன் வேறு தகுதிகளும் பார்க்கப்படுவதால், அதற்கு மார்ச் 15ஆம் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கோப்பன்ஹேகனில் உளவியலுக்கு விண்ணப்பிப்பவரும் எஸ்பியர்க்கில் மருத்துவத்திற்கு விண்ணப்பிப்பவரும் ஒரே மையப் பதிவு முறையின் வழியாகவே செல்கின்றனர். எட்டு விருப்பங்கள் வரை வரிசைப்படுத்தலாம்.

இம்முறையின் வலிமை, ஒரு நாளின் பதற்றத்தில் மூன்றாண்டு உழைப்பு கரைந்துபோவதில்லை என்பது. அமெரிக்க ஆய்வுகளிலும் பள்ளிச் சராசரி, கல்லூரியை முடிப்பார்களா என்பதை முன்னுரைப்பதில் நீண்ட காலமாக நல்ல பெயர் பெற்றிருக்கிறது. ஆனால் டேனிஷ் சராசரியை உற்றுநோக்கினால், அது தோற்றமளிக்கும் அளவுக்கு ஒரே பொருளால் ஆனதன்று. ஆசிரியர் தரும் ஆண்டு மதிப்பெண், அமைச்சகம் தயாரிக்கும் எழுத்துத் தேர்வு, வெளியூர்த் தேர்வாளர் உடனிருந்து மதிப்பிடும் வாய்மொழித் தேர்வு ஆகிய மூன்றும் அதில் கலந்திருக்கின்றன. கட்டாயத் தேர்வுகள் நீங்கலாக, ஒரு மாணவர் எந்தப் பாடங்களில் இறுதித் தேர்வு எழுத வேண்டும் என்பது குலுக்கலில்தான் முடிவாகிறது. அதாவது, குலுக்கலை அநீதி என்று ஒதுக்கும் சமூகமும் தன் மதிப்பெண் பட்டியலுக்குள்ளேயே ஒரு சிறு குலுக்கலைச் சத்தமின்றி வைத்திருக்கிறது.

மதிப்பெண் அளவீடும் சிக்கலற்றதன்று. 2007 முதல் பரவலாக நடைமுறைக்கு வந்த ஏழுபடி அளவில் 12, 10, 7, 4, 02, 00, −3 என்ற எண்களே உள்ளன. படிகளுக்கிடையே இடைவெளி சமமாக இல்லாததால், 7இலிருந்து 4க்கு ஒரு படி இறங்குபவர் 12இலிருந்து 10க்கு இறங்குபவரைவிட அதிகம் இழக்கிறார். இதன்மேல் அரசு தன் கொள்கை நோக்கங்களையும் ஏற்றியது. 2009 முதல், பள்ளியை முடித்த இரண்டாண்டுகளுக்குள் பல்கலைக்கழகத்திற்கு வருபவரின் சராசரி 1.08ஆல் பெருக்கப்பட்டது. ஓராண்டு வேலை பார்த்தோ ஊர்சுற்றியோ வரும் வழக்கத்தைக் குறைத்து, இளைஞர்களை விரைவாகப் பட்டம் பெறச் செய்வதே நோக்கம். இதன்படி 12 என்ற உச்ச மதிப்பெண்ணும் 12.96 ஆகலாம் என்பது கணக்கு. 2020 சேர்க்கை முதல் இவ்விதி கைவிடப்பட்டது. கட்டாயத்திற்கு மேற்பட்ட உயர்நிலைப் பாடங்களை எடுத்தோருக்கு 1.03, 1.06 என்ற பெருக்கங்களும் இருந்துவந்தன. மதிப்பெண் என்பது திறமையின் வெப்பமானி என்ற எண்ணத்திற்கு இத்தகைய பெருக்கங்களே போதுமான மறுப்பு: எண்ணை அளப்பவரே அதைத் திருத்தவும் செய்கிறார்.

பள்ளி மதிப்பெண்ணின் உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. சேர்க்கையை அது ஒரு நாளிலிருந்து விடுவித்தாலும், மூன்றாண்டு முழுவதையும் தேர்வாக மாற்றிவிடக்கூடும். ஒவ்வொரு வகுப்புப் பணியும் சராசரியைத் தொடுமோ என்ற அச்சத்தோடு எழுதப்படுவதை டேனிஷ் ஊடகங்கள் மதிப்பெண் ஓட்டம் என்ற பெயரால் தொடர்ந்து விவாதித்துவருகின்றன. பயிற்சி மையங்கள் இல்லாத நாடு என்று டென்மார்க்கைச் சொல்வதும் இன்று முழுமையாகச் சரியாகாது. வீட்டுக்கு வந்து பாடம் சொல்லிக்கொடுக்கும் தனியார் சேவைகள் அங்கும் வளர்ந்துள்ளன.

ஒரே நாள், ஒரே வினாத்தாள்

பொதுத் தேர்வை ஆதரிப்போர், பிறப்பைவிட எழுத்துக்கு முதலிடம் தந்த மரபாகச் சீனப் பேரரசின் அதிகாரத் தேர்வைச் சுட்டுவதுண்டு. ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் நீடித்து 1905இல் அது ஒழிக்கப்பட்டது. நவீன வடிவத்தின் மூலம் அத்தனை மாண்புடையதன்று. அமெரிக்காவின் எஸ்ஏடி தேர்வை 1926இல் உருவாக்கிய கார்ல் பிரிகாம், அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் இனங்களின் அறிவுத்திறனை வரிசைப்படுத்தும் நூலை எழுதியவர். 1930இல் அவரே அம்முடிவுகளைத் திரும்பப் பெற்றார். ஆயினும் ஒரு கருவியின் பிறப்பு அதன் இன்றைய பயனைத் தீர்மானிப்பதில்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பணிக்குழு 2020இல் அளித்த அறிக்கை, தேர்வு மதிப்பெண் பள்ளிச் சராசரியைவிடச் சிறப்பாக முதலாண்டுச் செயல்பாட்டை முன்னுரைப்பதாகக் கண்டது. அதே ஆண்டு மே மாதத்தில் அப்பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு தேர்வைக் கைவிடவே வாக்களித்தது. பின்னர் எம்ஐடி 2022இலும், டார்ட்மவுத் கல்லூரி 2024இலும் தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தன. ஒரே சான்றிலிருந்து எதிரெதிர் முடிவுகள் பிறப்பதற்குக் காரணம், முன்னுரைத்தல் ஒரு கேள்வி, நியாயம் மற்றொரு கேள்வி என்பதே.

ஸ்காண்டிநேவிய அயலகம் இங்கு பொருத்தமான ஒப்பீடு. சுவீடனில் 1977இல் வேலை அனுபவமுள்ள வயது கூடியோருக்காகத் தொடங்கிய உயர்கல்வித் திறனறி தேர்வு, 1991 முதல் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. குறைந்தது மூன்றிலொரு பங்கு இடங்கள் இத்தேர்வுக்கும், அதேயளவு பள்ளி மதிப்பெண்ணுக்கும் உரியவை. விரும்பியவர் எழுதலாம், மோசமாக எழுதினால் பள்ளி மதிப்பெண் கெடுவதில்லை. பின்லாந்தோ நெடுங்காலம் துறைதோறும் தனித்தனி நுழைவுத் தேர்வு நடத்திவிட்டு, அதற்கான ஆயத்தத்தில் இளைஞர் ஆண்டுகளை இழக்கின்றனர் என்று கருதி, 2020 சேர்க்கையில் பெரும்பகுதியைப் பள்ளியிறுதிச் சான்றிதழுக்கு மாற்றியது.

தமிழ்நாடு இவ்விரு திசைகளிலும் பயணித்திருக்கிறது. 1984இல் தொழிற்கல்விக்குப் பொது நுழைவுத் தேர்வைக் கொண்டுவந்த மாநிலம், ஊரக மாணவர்களுக்கு அது பாதகமானது என்று கூறி, 2007ஆம் ஆண்டின் 3ஆம் சட்டத்தால் அதை நீக்கி, வெவ்வேறு வாரியங்களின் மதிப்பெண்களை ஒப்பிடத்தக்கவையாகச் சமன்செய்து பிளஸ் டூ அடிப்படையிலேயே சேர்க்கை நடத்தியது. 2017 முதல் மருத்துவத்திற்கு நீட் எனும் நாடு தழுவிய நுழைவுத் தேர்வு கட்டாயமானது. நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கையின்படி, மருத்துவ இடம் பெற்றோரில் இரண்டாம் முறையோ அதற்கு மேலோ தேர்வெழுதியவர்களின் பங்கு 2016-17இல் சுமார் 12 சதவீதமாக இருந்து, 2020-21இல் 71 சதவீதத்தைத் தாண்டியது. இந்த ஒற்றை எண் எதைக் காட்டுகிறது என்பதில் கருத்து வேறுபடலாம்: தேர்வு கடினமானது என்றும் கொள்ளலாம், ஓராண்டை வருமானமின்றிக் கழிக்கவும் பயிற்சி மையத்திற்குக் கட்டணம் செலுத்தவும் இயன்ற குடும்பங்களை அது வடிகட்டுகிறது என்றும் கொள்ளலாம். இரண்டாவது வாசிப்புக்கே வலு அதிகம். ஏனெனில் பாடத்தைக் கற்பது பள்ளியிலும், தேர்வெழுதக் கற்பது பள்ளிக்கு வெளியிலும் என்று பிரிந்துபோகும் இடத்தில் பொதுத் தேர்வின் பொதுத்தன்மை தளரத் தொடங்குகிறது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபின், அதற்கு முன் விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் இருந்த அவர்களின் சேர்க்கை நூற்றுக்கணக்கில் உயர்ந்தது. தேர்வு அப்படியே இருக்க, இடப்பங்கீடே மாற்றத்தைத் தந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இரண்டாம் கதவு

டென்மார்க்கின் இரண்டாம் ஒதுக்கீடு, சராசரியால் வெளியே நிறுத்தப்பட்டோருக்கான மாற்று வழியாகவே எண்ணப்பட்டது. முன்னர் வேலை அனுபவம், வெளிநாட்டில் தங்கியிருந்தமை, மக்கள் உயர்பள்ளி எனப்படும் தேர்வற்ற உறைவிடப் பள்ளியில் கழித்த மாதங்கள் போன்றவற்றுக்கு அதில் மதிப்பளிக்கப்பட்டது. இவற்றைச் சேர்த்துக்கொள்ளப் பணமும் ஓய்வும் வேண்டும் என்ற எளிய உண்மை மெல்லத்தான் உறைத்தது. தென் டென்மார்க் பல்கலைக்கழகம் தன் மருத்துவப் படிப்பில் 2002 முதல் தேர்வும் நேர்காணலும் சேர்ந்த முறையைக் கையாண்டது. பின்னர் இப்பல்கலைக்கழகம் ‘யூனிடெஸ்ட்’ எனும் பலவிடைத் தேர்வை இரண்டாம் ஒதுக்கீட்டில் பயன்படுத்தத் தொடங்கியது. ஆஸ்திரேலியக் கல்வி ஆராய்ச்சி மன்றத்துடன் தொடர்புடைய இத்தேர்வு, பாட அறிவைச் சோதிப்பதில்லை; எண் சார்ந்த தருக்கம், வாதத்தை எடைபோடும் திறன், மனிதச் சூழல்களைப் புரிந்துகொள்ளல் ஆகியவற்றை அளப்பதாகச் சொல்லப்படுகிறது. மருத்துவத்தில் இதைத் தாண்டுவோர், ஒரே நீண்ட நேர்காணலுக்குப் பதிலாக, வெவ்வேறு மதிப்பீட்டாளர் முன் பல குறுநேர்காணல்களை அடுத்தடுத்துச் சந்திக்கின்றனர். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான இம்முறையின் அடிப்படை, ஒரு தேர்வாளரின் சாய்வு ஒரு மாணவரின் விதியாகிவிடக் கூடாது என்பது.

இங்கேதான் நேரடிச் சான்றுகள் கிடைக்கின்றன. லோத்தே ஓநீல் முதலான ஆய்வாளர்கள், 2002 முதல் 2007 வரை இப்பல்கலைக்கழகத்தில் மருத்துவத்தில் சேர்ந்த குழுக்களை ஒப்பிட்டு, சராசரியால் சேர்ந்தவரைவிடத் தேர்வு-நேர்காணல் வழியே வந்தோரிடையே முதல் இரண்டாண்டுகளில் இடைநிற்றல் குறைவாக இருந்ததாகக் கண்டனர். பள்ளிச் சராசரி உயர்ந்தவரே மருத்துவத்தில் நிலைப்பார் என்ற எதிர்பார்ப்புக்கு இது மாறானது. ஆனால் அதே ஆய்வு வரிசையில் 2013இல் வெளியான மற்றொரு கட்டுரை, பெற்றோரின் கல்வி, வருமானம் போன்றவற்றில் இரு வழிகளிலும் வந்த மாணவரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று காட்டியது. நேர்காணல் பன்முகத்தன்மையைக் கூட்டும் என்ற ஆதரவாளர் நம்பிக்கையும், அது வசதியானவரின் பேச்சுத்திறனுக்குப் பரிசளிக்கும் என்ற எதிர்ப்பாளர் அச்சமும் ஒருசேர வலுவிழந்தன. வாசல் எதுவாயினும் அதன் முன் வந்து நிற்பவர்கள் ஏற்கெனவே தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதே இதற்கு மிக இயல்பான விளக்கமாகத் தோன்றுகிறது. யார் விண்ணப்பிக்கத் துணிகிறார் என்பதை எந்த அளவுகோலும் தொடுவதில்லை.

மாவட்டத்தை மதிப்பெண்ணுக்குள் வைத்தல்

அளவுகோலைத் திருத்தினால் என்ன நேரும் என்பதற்கு, தமிழர் வரலாற்றில் மறக்கவியலாத எடுத்துக்காட்டு இலங்கை. 1970 வரை மூலப்புள்ளிகளின் அடிப்படையில் நடந்த சேர்க்கையில், பின்னர் பயின்ற மொழிக்கேற்ப வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் வைக்கப்பட்டன. பேராதனையில் பொறியியலுக்குச் சிங்கள மொழி மாணவர் 227 புள்ளிகளும் தமிழ் மொழி மாணவர் 250 புள்ளிகளும் பெற வேண்டியிருந்தது. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும், அதாவது ஒவ்வொரு மொழிக் குழுவின் புள்ளிகளையும் பொதுவான அளவுக்கு மாற்றும் கணக்கும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. பொறியியலிலும் மருத்துவத்திலும் தமிழ் மாணவரின் பங்கு விரைந்து சரிந்தது. அதன் அரசியல் விளைவுகளை விரித்துரைக்கத் தேவையில்லை.

எனினும் மாவட்ட ஒதுக்கீட்டை மொழிவாரி வெட்டுப்புள்ளியோடு ஒரே பொருளாகக் கொள்வது ஆய்வுக்கு உகந்ததன்று. வரலாற்றாசிரியர் சி.ஆர். டி சில்வா முதலானோர் காட்டியபடி, யாழ்ப்பாணமும் கொழும்பும் இழந்தபோது, பள்ளி வசதி குறைந்த பிற மாவட்டங்கள் பெற்றன. அவற்றுள் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் மாவட்டங்களும் அடங்கும். இன்றைய முறையில் பெரும்பாலான இடங்கள், 40 சதவீதம் நாடளாவிய தகுதிக்கும், 55 சதவீதம் மக்கள்தொகைப்படி மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் எனப் பகிரப்படுகின்றன. சிங்களரும் தமிழரும் இம்முறையின் கீழ் ஒரேபோலப் போட்டியிடுகின்றனர். 2001 அளவில் வந்த இசெட் புள்ளி, ஒருவரின் மதிப்பெண் அப்பாடத்தின் சராசரியிலிருந்து எத்தனை நியமவிலகல் தள்ளி நிற்கிறது என்று கூறுவது. கடினமான பாடத்தை எடுத்தவர் தண்டிக்கப்படாமல் இருக்க இது உதவும். கணக்கு எவ்வளவு நுண்மையானாலும் தவறு நுழையலாம் என்பதை 2011 உயர்தரப் பரீட்சை காட்டியது: பழைய, புதிய பாடத்திட்ட மாணவர்களை ஒன்றாகக் கலந்து கணக்கிட்டதை உச்ச நீதிமன்றம் 2012இல் ரத்து செய்து, தனித்தனியே கணக்கிடப் பணித்தது.

1983க்குப் பின் டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதி நகரங்களில் குடியேறிய ஈழத்தமிழர் பலருக்கு, மேலே சொன்னது பாடநூல் வரலாறன்று. அவர்களின் பிள்ளைகள் எந்த மாவட்டத் திருத்தமும், எந்த மொழிவாரிக் கணக்கும் இல்லாத ஒரு சேர்க்கை முறைக்குள் வளர்ந்தார்கள். ஆனால் இடத்தின் அரசியல் அங்கும் இல்லாமலில்லை. அது வேறு வழியாக வந்தது.

குலுக்கல் பற்றிச் சில

நெதர்லாந்து 1970கள் முதல் மருத்துவ இடங்களை, மதிப்பெண் கூடியவருக்கு வாய்ப்பு கூடும்வகையிலான எடையிட்ட குலுக்கலால் பகிர்ந்து, 2017இல் அதை நிறுத்தி, 2023இல் மீண்டும் அனுமதித்தது. ஒரு கட்டத்துக்கு மேல் மதிப்பெண் வேறுபாடுகளுக்குப் பொருளில்லை என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் ஒரே முறை இது. தோற்றவர் தன்னைத் தகுதியற்றவர் என்று எண்ண வேண்டியதில்லை. அரசியல் ஆதரவு மட்டும் இதற்கு நிலையாக இருந்ததில்லை.

இடங்களை ஊருக்கு நகர்த்துதல்

2021 ஜூன் மாதத்தில் டேனிஷ் நாடாளுமன்றக் கட்சிகள் பலவும் சேர்ந்து, நான்கு பெருநகரங்களில் உயர்கல்வி இடங்களை 2030க்குள் 10 சதவீதம் வரை குறைக்கவோ வெளியூர்களுக்கு மாற்றவோ உடன்பட்டன. எஸ்பியர்க்கிலும் கியோகே நகரிலும் மருத்துவப் படிப்பு என்பதும் அதன் பகுதி. மேற்கு யூட்லாந்தில் மருத்துவர்களை, குறிப்பாகப் பொது மருத்துவர்களை நிறுத்திவைப்பது கடினம் என்பது நெடுநாள் முறையீடு. இங்கே மாணவரின் ஊர், மதிப்பெண்ணுக்குள் எவ்வகையிலும் நுழைக்கப்படவில்லை; முதல் ஒதுக்கீடும் இரண்டாம் ஒதுக்கீடும் பழையபடியே இருந்தன. இருக்கைகள்தான் இடம்பெயர்ந்தன. இலங்கை மாவட்டத்தை மதிப்பெண்ணுக்குள் கொண்டுவந்தது. டென்மார்க் இருக்கையை மாவட்டத்திற்குக் கொண்டுசென்றது. இலங்கையும் 1974இல் யாழ்ப்பாண வளாகத்தையும், 1978இல் அங்கு மருத்துவ பீடத்தையும் நிறுவியது என்பதால், இவ்வேறுபாட்டை முற்றானதாகக் கொள்ளக் கூடாது. எனினும் சினத்தை வளர்த்தது புள்ளிக்கணக்கே, வளாகம் அன்று. ஒருவரின் மதிப்பெண்ணைக் குறைப்பதாக உணரப்படும் திருத்தத்தைவிட, யாருடைய மதிப்பெண்ணையும் தொடாத பங்கீடு குறைவான பகையை உண்டாக்கும் என்று இதிலிருந்து, எச்சரிக்கையுடன், ஊகிக்கலாம்.

இம்முறைக்கு முன்னோடி நோர்வேயின் திரொம்சோ. வட பகுதிக்கு மருத்துவர் வேண்டும் என்பதற்காகவே 1970களில் அங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளியின் ஆரம்பக் குழுக்களில் கணிசமானோர் அப்பகுதியிலேயே தங்கினர். உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தலைநகருக்கு வெளியே மருத்துவக் கல்வி நிறுவனங்களை அமைப்பதோடு, ஊரகப் பின்னணி மாணவரைச் சேர்ப்பதையும் சேர்த்தே பரிந்துரைத்தது. எஸ்பியர்க்கில் நடந்தது இதில் முதற்பாதி மட்டும். நாடளாவிய சராசரியால் இருக்கைகள் நிரம்பும் வரை, கோப்பன்ஹேகனில் இடம் கிடைக்காத தலைநகர மாணவர் எஸ்பியர்க்கை மூன்றாம் நான்காம் விருப்பமாகக் குறித்து வருவதைத் தடுக்க எதுவுமில்லை. அப்படி வருபவர் தங்கமாட்டார் என்று முன்கூட்டியே சொல்லிவிடவும் முடியாது; ஆறாண்டுகளில் ஒருவருக்கு ஓர் ஊர் பழகிப்போவது அரிதன்று.

முடிவு காணாதவை

தெளிவாகச் சொல்லத்தக்கவை சிலவே. பள்ளி மதிப்பெண், பொதுத் தேர்வு ஆகிய இரண்டும் படிப்பில் வெற்றியை ஓரளவு முன்னுரைக்கின்றன. சேர்த்துப் பார்த்தால் தனித்தனியே பார்ப்பதைவிட நன்றாக. எந்த ஒன்றும் தானாகவே சமூகப் பரவலைக் கொண்டுவருவதில்லை. தமிழ்நாட்டில் அதைக் கொண்டுவந்தது ஒதுக்கீடு. தென் டென்மார்க்கின் இடைநிற்றல் ஆய்வுகள் யூனிடெஸ்டுக்கு முந்தைய தேர்வு வடிவத்தையும் அப்பல்கலைக்கழகத்தின் ஓடென்ஸ் நகர வளாகத்தையும் பற்றியவையாதலால், இன்றைய எஸ்பியர்க்குக்கு அவற்றை அப்படியே பொருத்த இயலாது. பாடத்தைச் சாராத திறனறி தேர்வுகளுக்குப் பயிற்சி மையம் பயன்படாது என்ற கூற்றும், அத்தேர்வுக்குப் பெரும் பரிசு காத்திருக்கும் ஒரு சமூகத்தில் நீண்ட காலம் சோதிக்கப்பட வேண்டியது.

மூன்றாவது கேள்வி, யாருக்குப் பணியாற்றுவார் என்பது, சேர்க்கை முறையால் மட்டும் தீர்வதன்று. டென்மார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றவர் எல்லோரும் ஓராண்டு அடிப்படை மருத்துவமனைப் பயிற்சி பெற வேண்டும். அந்த இடங்களை அவர்கள் தேர்ந்துகொள்ளும் வரிசை நெடுங்காலமாகக் குலுக்கல் எண்ணாலேயே முடிவாகிவந்தது. எஸ்பியர்க்கில் படித்து அங்கேயே தங்க விரும்புபவரும், தலைநகருக்குத் திரும்பத் துடிப்பவரும் அக்குலுக்கலில் ஒன்றே. ஆகவே மேற்குக் கரையில் மருத்துவர் தங்கினார்களா என்ற கணக்கை, அடிப்படைப் பயிற்சியை வைத்தன்றி, அதன்பின் பல ஆண்டுகள் நீளும் சிறப்புப் பயிற்சியையும் முடித்தபின்பே எடுக்க முடியும். அதற்குள் சேர்க்கை விதிகள் மீண்டும் ஒருமுறை மாறியிருக்கக்கூடும்.